எர்த் சரியில்லை

ராக்கெட் விடுகிற நாளில் எங்கள் ஊரில் யாரும் கடலில் இறங்குவதில்லை. முன்கூட்டியே மீன்வளத் துறையின் அறிவிப்பு வந்துவிடும். ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் தீவு. அங்கே புகை கிளம்பினால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். அன்றைக்கு வலை கரையில் காயும், ஆண்களுக்குக் கை சும்மா இருக்கும், டீக்கடையில் கூட்டம் நிற்கும். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் லைட்ஹவுஸ் குப்பத்து மாமா தன் ஜீப்பை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

பொன்னேரி சாலையில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிற கடை என்னுடையது. 22 வருடமாகப் பார்க்கிறேன். அப்பா கடலுக்குப் போனவர். எனக்கு அலை ஒத்துக்கொள்ளவில்லை, ஒயர் ஒத்துக்கொண்டது. மாமா, அம்மாவின் தம்பி. ஃபைபர் போட் வைத்திருக்கிறார். வலையையும் ஐஸ் பெட்டியையும் கரைக்குக் கொண்டுபோகவும், மீனை வீட்டுக்குக் கொண்டுவரவும் ஒரு பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப். மணலில் புதையக் கூடாது என்று அதற்கு அகலமான டயர் மாட்டியிருந்தார். ஊரில் அந்த ஜீப்பைப் பார்த்துப் பொறாமைப்படாத பையன் கிடையாது.

இறங்கும்போதே வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டுதான் இறங்கினார்.

"மாப்ளே, தோள்பட்டைல நரம்பு கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். வலையைப் பசங்க இழுத்துக்குவாங்க. இந்த ஸ்டீரிங்கை யார் இழுக்கிறது?"

உட்கார்ந்து திருப்பிப் பார்த்தேன். நின்ற இடத்தில், மணல் மேல், அந்தச் சக்கரம் அசையவே மறுத்தது. நல்ல தோள்பட்டை உள்ளவனான எனக்கே மூச்சு வாங்கியது.

ஏன் இவ்வளவு கனம் என்று கேட்டால் காரணம் டயர் தரையைத் தொடும் இடத்தில் இருக்கிறது. ஓடுகிற வண்டியில் டயர் உருண்டுகொண்டே திரும்பும், கை நோகாது. நிற்கிற வண்டியில் உருள வழியில்லை. ரப்பர் தரையோடு தேய்ந்துதான் திரும்ப வேண்டும். டயர் அகலமானால் தேயும் பரப்பு கூடுகிறது. போதாக்குறைக்கு, மணலில் இறங்கும்போது மாமா காற்றைப் பாதியாக இறக்கிவிடுவார். 30 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 15 இருந்தால் அது அகன்று பரவும். அப்போதுதான் மணலில் அமிழாமல் மிதக்கும். வண்டியைப் புதையாமல் காப்பாற்றுகிற அதே விஷயம்தான் ஸ்டீரிங்கைக் கல்லாக்குகிறது. அந்தக் கால அம்பாஸடரிலும் பஸ்ஸிலும் ஸ்டீரிங் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று இப்போது புரியும். நெம்புகோல் நீளமாக இருந்தால் கனம் குறையும். வேறு உதவி இல்லாத காலத்து வழி அது.

அந்த வேறு உதவிக்குத்தான் பவர் ஸ்டீரிங் என்று பெயர். அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ என்ற கம்பெனியில் லாரிப் பிரிவு என்ஜினியராக இருந்த ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டீரிங்கைத் திருப்பிக் காட்டிவிட்டார். ஆனால் ஷோரூமில் காசு கொடுத்து வாங்கும் காரில் அது வர 1951 ஆனது. கிரைஸ்லரின் இம்பீரியல் கார்தான் முதலில். இடையில் பெரிய பொருளாதார மந்தமும் ஒரு உலகப் போரும் வந்து போயின.

வேலை செய்யும் விதம் எளிது. ஸ்டீரிங் கம்பியின் கீழ்முனையில் ஒரு இரும்புப் பெட்டி; மெக்கானிக்குகள் வெறுமனே 'பாக்ஸ்' என்பார்கள். அதற்குள் ஒரு பிஸ்டனும், அதற்கு எண்ணெயைத் திறந்துவிட ஒரு வால்வும் உண்டு. வால்வுக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு எஃகுக் கம்பி. நீங்கள் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது டயர் முரண்டு பிடித்தால், அந்தக் கம்பி இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். அந்த இம்மி முறுக்கம் வால்வைத் திறந்துவிடும். நீங்கள் இடப்பக்கம் திருப்பினால் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கும், வலப்பக்கம் திருப்பினால் மறுபக்கத்துக்கும் எண்ணெய் பாயும். திருப்புவதை நிறுத்தினால் கம்பி நேராகும், வால்வு மூடும், எண்ணெய் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை உங்கள் கை சொல்கிறது. பாரத்தை எண்ணெய் சுமக்கிறது.

அந்த எண்ணெய்க்கு அழுத்தம் கொடுக்க ஒரு பம்ப் வேண்டும். சாதாரணமாக அது இன்ஜினோடு பெல்ட்டில் ஓடும். கார் டயரில் இருப்பது 2 பார் அழுத்தம் என்றால், இந்தப் பம்ப் கொடுப்பது 80, 100 பார். நாற்பது, ஐம்பது மடங்கு.

மாமாவின் ஜீப்பில் சிக்கல் இங்கேதான் தொடங்கியது. பொலிரோவின் பவர் ஸ்டீரிங் பாக்ஸை எம்எம் 540-இல் மாட்டுவது புதிய விஷயம் இல்லை. ஜீப் பைத்தியங்கள் பல பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் மாமாவின் பழைய இன்ஜினில் பம்புக்கு இடம் இல்லை. அதைத் தாங்கப் பிராக்கெட் இல்லை, பெல்ட் ஓட்ட இன்னொரு புல்லி இல்லை. இரும்பை வெட்டிச் செய்யலாம்தான். புல்லி ஒரு நூல் கோணினாலும் வாரம் ஒரு பெல்ட்டைத் தின்னும்.

"கரண்டுல ஓடுற பம்ப் இருக்காமே?" என்று கேட்டது மாமாதான். பேரன் கைப்பேசியில் காட்டியிருக்கிறான்.

இருக்கிறது. இன்ஜின் ஓரிடத்திலும் ஸ்டீரிங் வேறிடத்திலும் இருக்கும் கார்களுக்கு அது பெரிய வசதி. 1990-களின் தொடக்கத்தில் டொயோட்டா எம்ஆர்2 காரில் இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது; ஸ்டீரிங்கோ முன்னால். அவ்வளவு தூரத்துக்கு எண்ணெய்க் குழாய் இழுப்பதற்குப் பதிலாக, பம்பையே மோட்டார் வைத்து முன்னால் மாட்டிவிட்டார்கள். பிறகு ஐரோப்பியச் சிறிய கார்கள் சிலவற்றில் இந்த முறை வந்தது. மோட்டார், பம்ப், எண்ணெய் டப்பா, கட்டுப்படுத்தும் சர்க்யூட் எல்லாம் ஒரே உருண்டையாக, சின்னக் குடம் அளவில் இருக்கும்.

இன்று நீங்கள் வாங்கும் சிறிய காரில் இந்தப் பம்பும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. ஸ்டீரிங் கம்பியிலேயே மோட்டாரை மாட்டிவிடுகிறார்கள். சுசுகி 1988-இல் செர்வோ என்ற குட்டிக் காரில் அதைத் தொடங்கி வைத்தது. நம் மாநிலத்துக்கும் இதில் பங்கு உண்டு: 1929-இல் மதராஸில் தொடங்கிய ரானே குழுமம் சாதாரண ஸ்டீரிங், ஹைட்ராலிக் ஸ்டீரிங், மின் ஸ்டீரிங் என்று மூன்று தலைமுறையையும் செய்திருக்கிறது. நாங்கள் மாட்டப்போனது நடுவில் வந்து நடுவிலேயே வழக்கொழிந்துகொண்டிருக்கும் கலப்பு இனம். தள்ளுவது எண்ணெய், எண்ணெயைத் தள்ளுவது கரண்ட்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். சென்னையில் உடைத்த காரின் எந்த உறுப்பையும் அங்கே தேடலாம். கிடைத்ததை நம்பலாமா என்பது வேறு கேள்வி. நான்கு பம்புகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தார் கடைக்காரர். இரண்டின் இணைப்புப் பிளக்கை வெட்டி எடுத்திருந்தார்கள். ஒயரோடு சேர்த்துப் பிளக்கும் வராவிட்டால் அந்தப் பம்பை வாங்கக் கூடாது. மூன்றாவதின் மூடியில் பச்சை எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. பொலிரோ பாக்ஸுக்கு உரியது சிவப்பு எண்ணெய், அதாவது ஏடிஎஃப். இரண்டையும் கலந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போய் ஒழுக ஆரம்பிக்கும். "எதை ஊத்தினாலும் ஓடும் சார்" என்றார் கடைக்காரர். ஓடும், ஆனால் எத்தனை நாள்? ஏடிஎஃப் என்று மூடியில் போட்டிருந்த நான்காவதை எடுத்துக்கொண்டேன். கையோடு கொண்டுபோன பேட்டரியில் தொட்டுப் பார்த்தபோது மிக்ஸி போலச் சீறியது.

மிக்ஸி என்று சொன்னது சும்மா இல்லை. பிறகு கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்தேன். யாரும் ஸ்டீரிங்கைத் தொடாதபோது அந்தப் பம்ப் 6 ஆம்பியர் இழுத்தது. நின்ற இடத்தில் கடைசிவரை திருப்பினால் 58. பன்னிரண்டு வோல்ட்டை 58-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 700 வாட்; உங்கள் வீட்டு 750 வாட் மிக்ஸிக்குப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரு குதிரைத் திறன். வீட்டு மிக்ஸிக்கு மெல்லிய ஒயர் போதும், ஏனென்றால் அங்கே 230 வோல்ட். மூன்று ஆம்பியரில் வேலை முடிந்துவிடும். ஜீப்பில் இருப்பது 12 வோல்ட்தான். அதே வேலையை வாங்க இருபது மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். ஜீப்பின் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது பத்து ஆம்பியர் என்று வைத்தால் இது எவ்வளவு பெரிய தீனிக்காரன் என்று தெரியும்.

பாக்ஸை மாட்டியது நான் இல்லை. பொன்னேரியில் இருக்கும் மெக்கானிக் நண்பர் மாட்டினார். ஸ்டீரிங் பாக்ஸ் தாங்கும் இடத்தில் வெல்டிங் விட்டுப்போனால் மனிதன் செத்துப்போவான். அதில் எனக்கு வேலை இல்லை. பம்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் அழுத்தக் குழாயைச் செங்குன்றத்தில், லாரிகளுக்கு ஹோஸ் அடித்துத் தருகிற கடையில் இரு முனையும் பிரஸ் செய்து வாங்கினோம். கிளிப் போட்டு இறுக்கும் சாதாரண ரப்பர் குழாய் திரும்பிவரும் பக்கத்துக்கு மட்டும்தான். நூறு பாரில் கிளிப் தெறித்தால் சூடான எண்ணெய் இன்ஜின் மேல் பீய்ச்சும்.

பம்பை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் மாமாவுக்கும் முதல் வாக்குவாதம். அது பிறந்த காரில் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருந்திருக்கும். நானும் அங்கேயே பிராக்கெட் அளந்தேன். மாமா ஜீப்பின் முன்னால் குந்தி, தன் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினார். "வாடை அடிக்கிற மாசம் ஓதம் ஏறினா தோப்பு வழியில தண்ணி இது வரைக்கும் நிக்கும். நீ இதைக் குளிப்பாட்டப் போறியா?" அந்தத் தண்ணீர் மழைத் தண்ணீரும் இல்லை. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. ஆற்று நீர் ஒருபக்கம் வந்தாலும் முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போய்க்கொண்டிருக்கும். பம்பை பானட்டுக்குக் கீழே, பேட்டரிக்குப் பக்கத்தில் உயரத்தில் ஏற்றினேன். அன்று மாமா சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று. அவர் சொல்லாததில் நான் கோட்டைவிட்டேன்.

மின் வேலை மூன்று ஒயர்தான். பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, இரண்டும் தடிமன். மூன்றாவது மெல்லியது, அதில் 12 வோல்ட் வந்தால் பம்ப் கண் விழிக்கும், போனால் தூங்கும். அதன் பழைய காரில் கம்ப்யூட்டர் வண்டியின் வேகத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்; மெதுவாகப் போனால் அதிகம் சுற்று, வேகமாகப் போனால் குறைவாகச் சுற்று என்று. ஜீப்பில் கம்ப்யூட்டர் ஏது? தகவல் எதுவும் வராவிட்டால் எங்களுடைய பம்ப் ஒரு நடுத்தர வேகத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே ஓடியது. எங்களுக்கு அது போதும். சில பம்புகள் தகவல் வராவிட்டால் ஓடவே மறுக்கும். வாங்கும் முன் பார்க்க வேண்டியது அது.

மெல்லிய ஒயரைச் சாவியிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சாவியைப் போட்டு வைத்துவிட்டு மாமா கதை பேசப் போகும்போது பம்ப் பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருக்கும். டைனமோ சார்ஜ் செய்யும்போது மட்டும் உயிர் வரும் முனையிலிருந்து ஒரு சின்ன ரிலே வழியாகக் கொடுத்தேன். இன்ஜின் ஓடினால் பம்ப் ஓடும், இன்ஜின் நின்றால் நிற்கும். பிளஸ் ஒயருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 80 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸைப் பம்புக்குப் பக்கத்தில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒயர் உரசி பாடியில் தொட்டால் அந்த ஃபியூஸால் பயன் இல்லை, வண்டி எரியும்.

பிறகு முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எண்ணெய் ஊற்றி, பம்பை ஓட்டாமல் ஸ்டீரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாகத் திருப்பினோம். டப்பாவில் குமிழ் குமிழாகக் காற்று வெளியே வந்தது. குறையக் குறைய எண்ணெய் விட்டோம். குமிழ் நின்ற பிறகே இன்ஜினை எழுப்பினோம். அவசரப்பட்டால் எண்ணெய் பால் போல நுரைத்துவிடும், பம்ப் ஊளையிடும். மறுபடி ஒரு இரவு ஆறவிட வேண்டும்.

மாமா ஏறி உட்கார்ந்தார். இடது கையின் இரண்டு விரலால் ஸ்டீரிங்கைத் திருப்பினார். சக்கரம் மணலை அரைத்துக்கொண்டு திரும்பியது. ஒன்றும் பேசவில்லை. இன்னொரு தடவை திருப்பினார். "வேகமாச் சுத்தினா நடுவுல ஒரு பிடி பிடிக்குதே" என்றார். உண்மைதான். சிறிய காருக்குச் செய்த பம்ப் ஒரு நிமிடத்துக்குத் தரும் எண்ணெய் குறைவு; ஜீப் பாக்ஸின் பிஸ்டன் பெரிது. கை வேகமாகப் போனால் எண்ணெய் பின்தங்கும். அதற்கு மருந்து கிடையாது. நிதானமாகத் திருப்புங்கள் மாமா என்றேன்.

சரியாக மூன்று வாரம் ஓடியது.

ஒரு சாயங்காலம் போன் வந்தது. சவுக்குத் தோப்பு வளைவில் ஜீப் திரும்ப மறுத்து நிற்கிறது, பின்னால் ஈர வலை, இரண்டு ஐஸ் பெட்டி நிறைய மீன். பைக்கில் குப்பத்துப் பாலம் தாண்டிப் போகும்போதே மனதுக்குள் புதுப்பேட்டைக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டு போனேன். போய் இறங்கியதும் அவருக்கு போனும் போட்டேன். நல்ல வேளை, எடுக்கவில்லை.

மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரியில் 12.6. பம்பின் முனையில் 12.5. பிறகென்ன? இன்ஜினை ஓடவிட்டு, மாமாவின் பையனை ஸ்டீரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தேன். திருப்பத் தொடங்கிய நொடியில் பேட்டரி 12.2-க்கு இறங்கியது, பம்பின் முனையிலோ 9.6, அடுத்த கணம் பம்ப் அணைந்தது. அளவுக்குக் கீழே வோல்ட் இறங்கினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்படி அதன் சர்க்யூட்டைச் செய்திருக்கிறார்கள். இடையில் 2.6 வோல்ட் எங்கே போனது?

பிளஸ் பக்கம் அரை வோல்ட். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைப் பம்பின் மைனஸிலும் வைத்து மறுபடி திருப்பச் சொன்னேன். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய முள் 2.1 காட்டியது. மைனஸ் ஒயரை நான் பேட்டரி வரை இழுக்காமல், பக்கத்திலேயே சேசிஸில் ஒரு போல்ட்டில் கட்டியிருந்தேன். பெயின்டைச் சுரண்டித்தான் கட்டினேன். அந்த போல்ட்டைத் தொட்டேன், விரல் சுட்டது. இரண்டு வோல்ட்டும் ஐம்பது ஆம்பியரும் சேர்ந்தால் நூறு வாட். அந்த ஒற்றை போல்ட், பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் நான்கின் சூட்டோடு எரிந்துகொண்டிருந்தது. ஒயர் முனை லக்கின் மேலிருந்த பிளாஸ்டிக் உருகி ஒழுகியிருந்தது. கழற்றினால் உள்ளே மஞ்சள் தூள் போலத் துரு. சுரண்டிய பச்சை இரும்பு, மூன்று வாரத்து உப்புக்காற்று, வலையிலிருந்து சொட்டிய கடல் தண்ணீர். அவ்வளவுதான்.

என் கடைக்கு வரும் பத்து வண்டியில் ஆறுக்கு நான் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. லைட் மங்கினாலும், ஹாரன் அழுதாலும், செல்ஃப் இழுக்காவிட்டாலும் பானட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவேன்: "எர்த் சரியில்லை." மைனஸ் பக்கத்து இணைப்பைத்தான் எர்த் என்போம். 22 வருடம் ஊருக்குச் சொன்னதை என் மாமா வண்டியில் நானே செய்யவில்லை. ஒன்றரை அடி ஒயரை மிச்சம் பிடித்தேன்.

இரண்டாவது கஞ்சத்தனமும் அன்றைக்கு வெளியே வந்தது. ஜீப்பின் டைனமோ 35 ஆம்பியர். பம்ப் கேட்பது 58. குறைவதைப் பேட்டரி கொடுக்கும், திருப்புவது சில நொடிதானே என்று கணக்குப் போட்டிருந்தேன். தார்ச் சாலையில் அது சரி. தோப்பு வழியில் மரத்துக்கு மரம் வளைத்துக்கொண்டே போகும்போது பேட்டரிக்கு மூச்சுவிட நேரம் ஏது?

ஆனால் அந்தச் சாயங்காலம் ஜீப் தோப்பிலேயே கிடக்கவில்லை. மாமாவின் பையன் இரண்டு கையாலும் நெம்பி, மெதுவாக உருட்டிக்கொண்டே திருப்பி வீடு வரை ஓட்டினான். பம்ப் செத்தாலும் ஸ்டீரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது. பவர் ஸ்டீரிங்கின் உயிர்நாடி இதுதான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நின்றுபோன பவர் ஸ்டீரிங், பழைய கைஸ்டீரிங்கைவிடக் கனமாக இருக்கும். பாக்ஸுக்குள் நிற்கும் எண்ணெயையும் சேர்த்து நம் கைதான் தள்ள வேண்டும். ஒரு கை மட்டும் வேலை செய்கிற மனிதருக்கு அது போதாது. ஏரியில் பாய் கட்டிப் படகு விட்ட காலத்து ஆள் மாமா. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மீனைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "காத்து நின்னா ஊன்றதுக்குக் கழி இருக்கணும் மாப்ளே. எனக்குக் கழி ஊன்ற கை இல்லியே." அதன் பிறகு பையன் பக்கத்தில் இல்லாமல் அவர் ஜீப்பை எடுப்பதில்லை.

திருத்தியதைச் சொல்லிவிடுகிறேன். மைனஸ் ஒயரை நேராகப் பேட்டரிக்கே இழுத்தேன், பிளஸ் என்ன தடிமனோ அதே தடிமனில். வெறும் செம்புக்குப் பதில் வெள்ளீயம் பூசிய செம்பு. படகுகளுக்குப் போடுவது அதுதான், உப்பில் பச்சை பூக்க நாளாகும். லக்கைச் சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் இடுக்கியில் அழுத்தி, உள்ளே பசை தடவிய சுருங்கு குழாயைச் சூடு காட்டி மேலே ஏற்றினேன். முனைகளில் வாசலின். டைனமோவை 75 ஆம்பியருக்கு மாற்றினேன். செலவில் பம்பின் விலையை இவை தாண்டிவிட்டன. கடலோரத்தில் இந்த வேலைக்கு யார் விலை கேட்டாலும் பம்புக்கு ஒரு பங்கு, ஒயருக்கும் டைனமோவுக்கும் இன்னொரு பங்கு என்றுதான் இப்போது சொல்கிறேன். பாதிப் பேர் அங்கேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

போகச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஜீப்பின் ஆர்சியைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்கியபோதுதான் நான் சட்டத்தைப் படித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: சட்டம் அனுமதிக்காத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அகல டயரோடு ஸ்டீரிங்கையும் எண்ணிப் பார்த்து மாமா விரலை மடக்கினார். உடல் குறைபாடு உள்ளவர்கள் ஓட்டுவதற்கு ஏற்ப வண்டியை மாற்ற அதே திருத்தம் வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பதிவு அதிகாரியிடம் போக வேண்டும், முறை இருக்கிறது. நாங்கள் அந்த வழியில் போகவில்லை.

ஆகவே ஜீப் இப்போது பாலம் தாண்டுவதில்லை. மாமாவின் சொந்தச் சவுக்குத் தோப்புக்குள், வலைக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடுகிறது. பொன்னேரிக்கு அவர் பஸ்ஸில் போய் வருகிறார். உங்கள் பழைய வண்டியிலும் இப்படிச் செய்ய ஆசை வந்தால், புதுப்பேட்டைக்குப் போகும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கேளுங்கள். அங்கே சரி என்றால் பிறகு என் கடைக்கு வாருங்கள்.

மாதம் ஒரு முறை மீட்டரை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, முழுக்கத் திருப்பியபோது எர்த் பக்கம் 0.14 வோல்ட்.